ஜனவரியில் வந்த ஜெர்மன்காரி

கார் நின்று இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. அவள் இறங்கவில்லை.

டென்னிஸ் மைதானத்தின் பின்வாசல் அது. விளையாட்டுக்காரர்களை மட்டும் இறக்கும் இடம். எனக்குப் பின்னால் இன்னும் நாலு கார்கள் வரிசையில் நிற்கின்றன. வாசலில் நின்ற மேற்பார்வைப் பெண், நகரச் சொல்லிக் கையை வீசுகிறாள். ஜனவரி வெயில் முன்கண்ணாடி வழியாக என் முழங்காலில் விழுகிறது. காருக்குள் சன்கிறீம் மணமும் வாழைப்பழ மணமும் கலந்து கிடக்கின்றன.

பின் சீட்டில் வீப்கே. மடியில் மட்டைகள் வைத்த பெரிய பை.

"சொல்லுங்கோ," என்றாள்.

"எதை?"

"உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லாமல் நான் இண்டைக்கு இறங்க மாட்டன்."

நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் சொன்ன நாளெல்லாம் அவள் தோற்றிருக்கிறாள். மெல்பேர்ணில் ஐந்து முறை முதல் சுற்று ஆடி, ஐந்து முறையும் தோற்றவள். உலகத்தில் எங்கெங்கோ வென்றவளுக்கு இந்த ஊரில் மட்டும் ஒரு ஆட்டம் கிடைக்கவில்லை. இது ஆறாவது முறை. வயது முப்பத்து மூன்று. இனி வர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அவள் கேட்டது கோப்பை இல்லை, ஒரே ஒரு வெற்றி.

அவள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாங்கள் பேசியது ஜெர்மன். அதை என் வாயால் திருப்பிச் சொன்னால் இப்படித்தான் வரும். வீப்கே என்பதும் அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் பெயரை எழுதி வீண் வம்பை விலைக்கு வாங்க நான் தயாரில்லை.

சமையலறை ஜெர்மன்

போன கிழமை தண்டினோங் தொழிற்சாலையில் நான் இருபது வருடம் கார் சீட்டு தைத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சிட்னி வென்ட்வேர்த்வில்லில் இருந்து ஒரு வாசகர், "ஐயா, அதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள், அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். விழுங்கவில்லை ஐயா. இப்போது வருகிறது.

அதற்கு முன்னால் நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவினேன். அகதி வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று சட்டம். அடுத்த ஊரில் இருந்த மச்சானைப் பார்க்கவும் கடிதம் வாங்க வேண்டும். வழக்கு ஆறு வருடம் இழுத்தது. அந்த ஆறு வருடமும் என் ஜெர்மன் அந்தக் குசினிக்குள்ளேதான் வளர்ந்தது.

குசினியில் யாரும் யாருக்கும் மரியாதை கொடுப்பதில்லை. 'நீ', 'வா', 'போ', 'தூக்கு', 'கழுவு'. ஜெர்மன் மொழியிலும் நம்முடையதைப் போல நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. 'நீங்கள்' எனக்குப் பழக்கமே வரவில்லை. அதிலும் தெற்கத்திய இழுவை வேறு. வீப்கே வடக்கே கடற்கரைப் பக்கம் பிறந்தவள். என் ஜெர்மனைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அது பின்னாளில். முதல் நாளில் சிரிக்கவில்லை.

வழக்கு தோற்றது. பிறகு யோகாவின் அண்ணன் எங்களை இங்கே மெல்பேர்ணுக்குக் கூப்பிட்டார். யோகா என் மனைவி. அவளைப் பற்றி இந்தத் தொடரில் நான் நல்லதாக ஒன்றும் எழுதுவதில்லை என்று அவளுக்கு ஒரு குறை. இந்த வாரம் எழுதுகிறேன், பொறு.

நான் சொன்ன வார்த்தை

தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டில் சும்மா இருந்தேன். யோகாவுக்கு என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஜனவரி மாதம் நடக்கும் பெரிய டென்னிஸ் போட்டிக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று விளம்பரத்தை அவள்தான் காட்டினாள். விளையாட்டுக்காரர்களை ஹோட்டலில் ஏற்றி மைதானத்தில் இறக்க வேண்டும். பிறகு மைதானத்தில் ஏற்றி ஹோட்டலிலோ விமான நிலையத்திலோ இறக்க வேண்டும். எனக்கு டென்னிஸ் தெரியாது. தெரு தெரியும், அது போதும் என்றார்கள்.

முதல் வருடமே வீப்கே என் காரில் ஏறினாள். இருபத்தாறு வயது இருக்கும். தனியாக வந்தாள். மற்றப் பெண்களோடு பயிற்சியாளர், உடற்பயிற்சிக்காரர், அம்மா என்று ஒரு கூட்டமே வரும். இவளோடு ஒரு பையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வந்தன. போகும் வழியில் போனில் அப்பாவோடு ஜெர்மனில் பேசினாள். பயமாக இருக்கிறது என்று சொன்னாள். எனக்கு மனம் கேட்கவில்லை. பெற்ற பிள்ளை பரீட்சைக்குப் போவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மைதான வாசல் வந்தது. கதவைத் திறந்துவிட்டேன். நம்முடைய வீடுகளில் யாராவது வெளிக்கிட்டால் வாசலில் நின்று என்ன சொல்வோம்? "போட்டு வாங்கோ" என்போம். போகிறவர் "போட்டு வாறன்" என்பார். "போறன்" என்று ஒருவன் சொல்லிவிட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வாயில் அடிப்பார்கள். நான் அதைத்தான் என் குசினி ஜெர்மனில் சொன்னேன். "கே உண்ட் கொம் வீடர்." போ, திரும்பி வா. அதோடு விட்டிருக்கலாம். அன்பு கூடிப் போய், "நான் இதிலேயே நிக்கிறன்" என்றும் சேர்த்தேன்.

அவள் முகம் சிவந்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஒரு மணி நேரத்துக்குள் தோற்றுவிட்டுத் திரும்பி வந்தாள். நான் சொன்னபடி அதே இடத்தில் நின்றேன். பல்லைக் காட்டிக்கொண்டு வேறு நின்றேன். ஏறி உட்கார்ந்தவள், "நான் கெதியாத் திரும்பி வருவன் எண்டு உங்களுக்கு முதலே தெரிஞ்சிருக்கு," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் ஆட்டத்துக்குப் போகிற பிள்ளையிடம், முன்பின் தெரியாத ஒரு டிரைவர், மரியாதையில்லாமல் நீ என்று கூப்பிட்டு, 'போய்த் தோத்துப்போட்டு வா, கார் ரெடியா நிக்குது' என்று சொல்லியிருக்கிறான். அவளுக்கு அது அப்படித்தான் கேட்டிருக்கிறது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள்.

இரவு யோகாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு ஒரு மணி நேரம் திட்டினாள். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதோ உங்களுக்கு?" என்றாள்.

அடுத்த ஜனவரியில் ஹோட்டல் வாசலில் என்னைக் கண்டதும், வீப்கே பின்னால் நின்ற காரில் போய் ஏறினாள். அந்த வருடமும் முதல் சுற்றில் தோற்றாள். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை என்று யோகா இன்றைக்கும் வாதாடுவாள். எனக்கு மனம் ஆறவில்லை. முதல் வருடம் போட்ட முடிச்சு இது என்றே நினைத்தேன்.

ஆற்றோரம், நாற்பது நிமிடம்

மூன்றாவது ஜனவரியில் அவளுக்குத் தப்ப வழியில்லை. சரியான வெக்கை. கூரையில்லாத மைதானங்களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவள் ஏறியது என் கார். உள்ளே விட மாட்டோம், அழைக்கும்வரை எங்காவது நிழலில் நில்லுங்கள் என்று வாசலில் சொன்னார்கள். ஆற்றோரம் ஒரு மரத்தின் கீழ் காரை நிறுத்தினேன். ஏசி போட்டும் சீட்டு சுட்டது.

பத்து நிமிடம் கழித்து அவளே கேட்டாள், ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று. நேராகக் கேட்டாள். அந்த ஊர்ச் சனத்திடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

நானும் நேராகச் சொன்னேன். எங்கள் மொழியில் போகிறவரை வெறுமனே போ என்று அனுப்பக்கூடாது, அது கெட்ட சகுனம். திரும்பி வா என்று சேர்த்துச் சொன்னால்தான் அது வாழ்த்து. நான் சொன்னது தோற்றுவிட்டு வா என்று இல்லை, பத்திரமாக வா என்று.

நிரந்தரமாகப் போகிறவர் என்ன சொல்வார் என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் வார்த்தை இல்லை, விமானம் ஏறி நாட்டை விட்டு ஓடினபோதும் நான் போட்டு வாறன் என்றுதான் சொன்னேன் என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பிறகு அவளும் கதை சொன்னாள். அப்பா தபால்காரர். வேலை முடிந்து வந்து, ஊர்க் கிளப்பின் செம்மண் மைதானத்துக்குத் தண்ணீர் விட்டுக் கோடு துடைப்பார். தபால் கந்தோரின் பின்சுவரில் பந்தடித்துப் பழகியவள் இவள். பதினெட்டு வயதிலிருந்து பெட்டியும் கையுமாக அலைகிறாள். பெரிய போட்டி நடக்கும் ஊர்களை நாம் டிவியில் பார்க்கிறோம். டிவி வராத ஊர்களில்தான் இவர்களுடைய பாதி வாழ்க்கை போகிறது. ருமேனியாவில் ஒரு பல் வைத்தியர் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறாள். துனிசியாவில் மழைக்கு ஆறு நாள் காத்திருந்து, ஏழாம் நாள் இருபத்தைந்து நிமிடத்தில் தோற்றிருக்கிறாள். கோடையில் ஊர்க் கிளப்புக்காக ஆடும்போது மட்டும் அப்பா வந்து பார்ப்பார். உலகத்தில் முதல் நூறு பேருக்குள் வந்த அன்று அவள் ஒரு ரயில் நிலையத்தில் உடுப்புத் தோய்க்க மெஷின் தேடிக்கொண்டிருந்தாளாம்.

வாசலில் இருந்து அழைப்பு வந்தது. இறங்கும்போது, "இப்ப சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன். மூன்று செட் ஆடித் தோற்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் என்னைக் கேட்டே காரை எடுத்தாள். ஒவ்வொரு வருடமும் வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு வருடமும் தோற்றாள்.

அர்ச்சனை

இதற்கிடையில் எனக்கு டென்னிஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. டென்னிஸ் பைத்தியம் என்பதும் சரியில்லை, வீப்கே பைத்தியம். போனில் அவளுடைய ஸ்கோரை மட்டும் பார்ப்பேன். "சொந்தத் தங்கச்சி மகன் எந்த நாட்டிலை நிக்கிறான் எண்டு தெரியாது. ஜெர்மன்காரி எங்கை நிக்கிறாள் எண்டு மட்டும் தெரியும்," என்று யோகா பகிடி பண்ணுவாள்.

பகிடி பண்ணினவள்தான் ஒரு வெள்ளிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலில் வீப்கேக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று நின்றாள். ஐயர் நட்சத்திரம் கேட்டார். யோகா என்னைப் பார்த்தாள். காரில் ஏறுகிற பெண்ணிடம் பிறந்த நேரம் கேட்டு வேலையை இழக்க நான் தயாரில்லை என்றேன். கடைசியில் சுவாமி பேருக்கே அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். வீப்கே என்ற பெயரை ஐயர் காதில் மட்டும் போட்டு வைத்தாள் யோகா. பார், உன்னைப் பற்றி நல்லதாக எழுதிவிட்டேன்.

பிறகு இரண்டு ஜனவரி வீப்கே வரவில்லை. முழங்கையில் அறுவைச் சிகிச்சை. நூறுக்குள் இருந்தவள் எங்கேயோ கீழே போய்விட்டாள். பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று முறை படித்தேன், இல்லை. அவள் விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். அந்த வருடங்களில் வேலைக்குப் போகவே எனக்கு மனமில்லை.

மூன்றாம் வருடம் வந்தாள். முன்பு போல நேராகப் பெரிய சுற்றுக்கு இல்லை, தகுதிச் சுற்றுக்கு. அதில் மூன்று ஆட்டம் வென்றால்தான் உள்ளே விடுவார்கள். மூன்றும் வென்றாள். முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஐஸ் கட்டியைச் சுற்றிக்கொண்டுதான் காரில் ஏறினாள். தகுதிச் சுற்றுக்கு வார்த்தை வேண்டாம், பெரிய சுற்றுக்கு எடுத்து வையுங்கள் என்றாள்.

சொன்னேன்

அந்தப் பெரிய சுற்று நாளில்தான் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. "பிள்ளை, இது ராசியில்லாத வார்த்தை. விடு," என்றேன்.

"தோத்தது நான். வார்த்தை இல்லை," என்றாள்.

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

டிரைவர்களுக்கு ஒரு கூடாரம் உண்டு. தேத்தண்ணி, பிஸ்கட், ஒரு டிவி. நான் டிவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் செட் போய்விட்டது. இரண்டாவது செட்டை வென்றாள். மூன்றாவது செட்டில் நாலுக்கு நாலு. வீட்டில் யோகாவும் டிவிக்கு முன்னால் இருந்தாள், சாமி அறையில் விளக்கும் வைத்திருந்தாள்.

அப்போது மேற்பார்வைப் பெண் என் கார் இலக்கத்தைக் கூப்பிட்டாள். தோற்றுப்போன ஒருவரை விமான நிலையத்தில் விட வேண்டும். ஐந்து நிமிடம் தா என்று கெஞ்சினேன். அவள் நல்ல பிள்ளை. சரி, அடுத்த கார் வர கால் மணி நேரம் ஆகும், அதுவரை அவரைக் காத்திருக்கச் சொல்கிறேன் என்றாள்.

கூடாரத்தின் வாசலால் அந்த மனுசனைப் பார்த்தேன். ஆறடிக்கு மேல் உயரம், முப்பது வயது இருக்கும். வெயிலில் நாலு பைகளுக்கு நடுவே தனியாக நின்றார். தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டிருந்தார். பக்கத்தில் ஒரு குருவிகூட இல்லை.

டிவியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். வாய்க்குள் நல்ல தமிழில் அவரையும் என்னையும் திட்டினேன். பிறகு எழுந்து கார்ச் சாவியை எடுத்தேன்.

காரில் போன் பார்க்கக்கூடாது. ரேடியோவைப் போட்டிருக்கலாம், போடவில்லை. பின் சீட்டில் அவர் அழுதுகொண்டிருந்தார். விமான நிலையத்தில் அவரை இறக்கிவிட்டுத்தான் போனைத் திறந்தேன். ஏழுக்கு ஐந்து. வீப்கே வென்றுவிட்டாள்.

யோகாவுக்கு அடித்தேன். அவள் அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். பிள்ளை வென்ற நேரத்தில் எங்கே போய் நின்றீர்கள் என்றாள். நான் மைதானத்துக்குத் திரும்பியபோது வீப்கேயை வேறொரு டிரைவர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஏழு வருடம் காத்திருந்த ஒன்று கிடைத்தது. ஆனால் அது என் கண்ணில் படவில்லை. நான் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வயிறு எரிந்தது.

விமான நிலைய வரிசை

இரண்டு நாள் கழித்து இரண்டாம் சுற்றில் பெரிய ஒருத்தியிடம் தோற்றாள். அன்று மாலையே பயணம். என் காரைக் கேட்டு வாங்கியிருந்தாள். நாலு பைகள், ஐஸ் இல்லை.

டுல்லமரீன் பாதையில் போகும்போது, இதோடு விடுகிறேன் என்றாள். நாளை மறுநாள் காலையில் எழும்பி என்ன செய்வது என்று தெரியவில்லை என்றாள். அப்பா மைதானத்துக்குத் தண்ணீர் விட வரச் சொல்லியிருக்கிறாராம். அழவில்லை. நன்றாகத்தான் இருந்தாள்.

விமான நிலையத்தில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. வெயில் இன்னும் இறங்கவில்லை. அப்போது கேட்டாள்.

"கடைசிப் பந்தைப் பாத்தனீங்களோ?"

ஓம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பந்தை நான் அதற்குள் போனில் இருபது முறை பார்த்திருந்தேன். அவள் மட்டையை எந்தக் கையில் வைத்திருந்தாள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். பொய் சொல்ல முடியவில்லை. பார்க்கவில்லை, நாலுக்கு நாலில் எழும்பிப் போனேன், தோற்ற ஒருவரை இங்கே கொண்டுவந்து விட்டேன் என்றேன். மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றும் சொன்னேன்.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அவர் அழுதவரோ?"

"ஓம்."

"நீங்கள் கண்ணாடியை மேலை திருப்பி விட்டனீங்களோ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நான் யாருக்கும் சொல்லாத விஷயம். தோற்றவர் பின்னால் இருந்து அழுதால், டிரைவர் பார்க்கும் நடுக்கண்ணாடியைக் கூரைப் பக்கம் தள்ளிவிடுவேன். சட்டப்படி பிழை. ஆனால் என் கண் அவர் மேல் படாது, பக்கக் கண்ணாடி இரண்டையும் வைத்துச் சமாளிப்பேன். யோகாவுக்குக்கூட இது தெரியாது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"எனக்கு நாலு தரம் திருப்பி விட்டனீங்கள்," என்றாள். "முதல் தரம், உங்களோடை நான் கோபமா இருந்த அண்டைக்கும். எல்லா ஊரிலையும் தோத்திருக்கிறன். எல்லா டிரைவரும் கண்ணாடிக்குள்ளாலை பாப்பினம்."

கண் முட்டிவிட்டது. அறுபத்தாறு வயதில், விமான நிலைய வாசலில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். மறைக்கவும் தெரியவில்லை.

அவள் இரண்டு சீட்டுக்கும் நடுவால் எட்டி, தழும்பு விழுந்த கையை நீட்டி, அந்தக் கண்ணாடியை மெல்ல மேலே தள்ளிவிட்டாள். பிறகு பின்னால் சாய்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்னால் நின்ற கார் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது. பின்னால் நின்ற டாக்சிக்காரன் ஹோர்ன் அடித்தான். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.